ஒரே ஃபோனில் இரண்டு ஓஎஸ்: நான்கு வழிகள், யாருக்கு எது?

ஃபோனில் இரண்டாவது ஓஎஸ்ஸை பூட் ஆக வைப்பது அவ்வளவு கடினமில்லை. ஓஎஸ்ஸின் மைய நிரலான கெர்னலை எழுத ஓர் இடமும், அதைத் தேர்ந்தெடுக்க ஒரு வழியும் இருந்தால் போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். படம், செய்தி, ஆப் எல்லாம் கிடக்கும் யூசர்டேட்டா பகிர்வு (சேமிப்பில் தனியே பிரித்த பகுதி) ஃபோனில் ஒன்றே ஒன்று. அது என்கிரிப்ட் செய்யப்பட்டது, சாவி சிப்பின் பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. அப்படியானால் இரண்டாவது ஓஎஸ் தன் கோப்புகளை எங்கே வைக்கும்? ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

நெக்ஸஸ் 5, நெக்ஸஸ் 7 காலத்து மல்ட்டிராம் என்ற கருவி, இரண்டாவது ராமை (ROM, அதாவது ஓஎஸ் தொகுப்பை) யூசர்டேட்டாவுக்குள் ஒரு ஃபோல்டராகவே வைத்தது. அந்தக் காலத்து வீடியோவைப் பார்த்து இன்றைய ஃபோனில் முயல வேண்டாம். இன்று சாவிகள் ஆண்ட்ராய்டின் பதிப்போடும் பாதுகாப்புத் திருத்தத் தேதியோடும் பிணைக்கப்படுகின்றன. புதிய ஆண்ட்ராய்டு ஒருமுறை சாவியைப் புதுப்பித்துவிட்டால், அதே டேட்டாவைப் பழைய ஆண்ட்ராய்டால் திறக்க முடியாது. ஃபேக்டரி ரீசெட் கேட்டு நின்றுவிடும்.

டெர்மினல் ஆப்: பூட்லோடரைத் தொடாமல்

லினக்ஸ் கட்டளைகள், பைத்தான், ஒரு சின்ன சர்வர், இவைதான் தேவையென்றால் இங்கேயே நின்றுவிடலாம். 2025 மார்ச்சில் பிக்சல் ஃபோன்களுக்கு வந்த ஆண்ட்ராய்டு 15 அப்டேட்டில், டெபியன் லினக்ஸை மெய்நிகர் கணினியாக ஓட்டும் டெர்மினல் ஆப் சேர்ந்தது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் லினக்ஸ் டெவலப்மென்ட் என்விரான்மென்ட்டை இயக்கி, ஆப்பைத் திறந்து, 500 எம்பிக்கு மேல் வரும் கோப்பை வைஃபையில் இறக்க வேண்டும். டெபியன் தனக்கென ஒரு டிஸ்க் கோப்பை வைத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மட்டும் இருவருக்கும் பொது. ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை என்பதால் டேட்டா அழியாது, வங்கி ஆப்கள் முரண்டு பிடிக்காது.

இந்த வசதி இல்லாத ஃபோனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப்பும், அதற்குள் லினக்ஸை ஓட்டும் ப்ரூட்டும் உண்டு. ஆனால் ப்ரூட்டில் ஒவ்வொரு சிஸ்டம் அழைப்பும் (நிரல் கெர்னலிடம் கேட்கும் வேலை) இடைமறிக்கப்படுவதால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தொடும் வேலை நன்றாகவே மெதுவாகும். ஆண்ட்ராய்டு 12 முதல், ஆப்கள் பிறப்பிக்கும் துணைப் புராசஸ்கள் மொத்தம் 32-ஐத் தாண்டினால் சிஸ்டமே சிலவற்றைக் கொன்றுவிடும். கம்பைல் நடுவில் 'சிக்னல் 9' என்று நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆண்ட்ராய்டு 14-இல் இந்தக் கட்டுப்பாட்டை டெவலப்பர் ஆப்ஷன்ஸிலேயே நீக்கலாம்.

டிஎஸ்யு: இன்னொரு ஆண்ட்ராய்டு, தற்காலிகமாக

ஆண்ட்ராய்டு 10-இல் அறிமுகமான டைனமிக் சிஸ்டம் அப்டேட்ஸ் (டிஎஸ்யு), ஒரு ஜிஎஸ்ஐயை (பல ஃபோன்களுக்கும் பொதுவான ஆண்ட்ராய்டு தொகுப்பை) யூசர்டேட்டாவுக்குள்ளேயே இமேஜ் கோப்பாக வைத்து பூட் செய்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் டிஎஸ்யு லோடர் என்று இருக்கும். கூகுளோ ஃபோன் நிறுவனமோ கையெழுத்திட்ட ஜிஎஸ்ஐ தவிர வேறெதையும் ஓட்ட பூட்லோடரைத் திறந்தாக வேண்டும்.

இறக்கி முடித்ததும் வரும் அறிவிப்பில் ரீஸ்டார்ட் அழுத்தினால் புதிய ஆண்ட்ராய்டு. மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் பழையது. அதன் டேட்டாவுக்கு ஆவணங்களில் எடுத்துக்காட்டாகத் தரும் அளவு 8 ஜிபி. சிஸ்டத்துக்கு இன்னும் சில ஜிபி. நிறுவல் பாதியில் தோற்றால் முதலில் காலியிடத்தைப் பாருங்கள், சேமிப்பில் 40 விழுக்காடு காலியாக இல்லையென்றால் இடம் ஒதுக்க மறுத்துவிடும்.

கெர்னலும், வன்பொருள் டிரைவர்கள் இருக்கும் வெண்டார் பகிர்வும் பழையவையே. அதனால் வோல்ட்டி (4ஜி) அழைப்பு, கூடுதல் கேமராக்கள், கைரேகை போன்றவை அரைகுறையாக வேலை செய்யலாம். புதிய ஆண்ட்ராய்டில் தன் ஆப்பைச் சோதிக்க விரும்பும் டெவலப்பருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. தினசரிப் பயன்பாட்டுக்கு இது வேண்டாம்.

ஸ்லாட் ஏ, ஸ்லாட் பி: உண்மையான இரட்டை பூட்

சில ஃபோன்களில் பூட், சிஸ்டம் பகிர்வுகள் ஏ, பி என்று இரண்டு தொகுப்பாக இருக்கும், இவையே ஸ்லாட்கள். இரட்டை பூட்டுக்கு ஒன்பிளஸ் 6 நல்ல களம். அதன் ஸ்னாப்டிராகன் 845 சிப்புக்கு மெயின்லைன் (அதிகாரபூர்வ லினக்ஸ்) கெர்னல் ஆதரவு முதிர்ந்திருக்கிறது. ஃபோன் ஆண்ட்ராய்டு 8.1-உடன் வந்ததால், சிஸ்டத்துக்கு இரண்டு முழுப் பகிர்வுகள் தனித்தனியே உள்ளன. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவரத் தொடங்கிய ஃபோன்களில் எல்லாம் ஒரே சூப்பர் பகிர்வுக்குள் போய்விட்டது. அங்கே இந்த வேலை பலமடங்கு சிக்கலாகும்.

திட்டம் இதுதான்: ஏ-யில் ஆண்ட்ராய்டு, பி-யில் ஃபோனுக்கான லினக்ஸான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ். பூட்லோடரைத் திறந்ததுமே டேட்டா முழுதும் அழியும் என்பதால் பேக்கப் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். திறந்த பிறகு, எதையும் எழுதும் முன், ரிகவரி (மீட்புப் பயன்முறை) வழியாக பெர்சிஸ்ட், மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2 பகிர்வுகளை நகலெடுத்துக் கணினியில் வைத்துவிடுங்கள். ஐஎம்இஐ தொடர்பான தரவும் சென்சார் அளவீடுகளும் இவற்றில்தான் உள்ளன. அடுத்தவர் ஃபோனின் நகல் உங்களுக்கு உதவாது.

பிறகு யூசர்டேட்டாவைச் சுருக்கி, பின்னால் 20 முதல் 30 ஜிபிக்குப் புதிய பகிர்வு. உள்ளிருக்கும் ஃபைல்சிஸ்டத்தை அப்படியே சுருக்கலாம் என்று நம்ப வேண்டாம். பகிர்வு அட்டவணையை மாற்றியதும் யூசர்டேட்டாவை ஃபார்மட் செய்தே ஆக வேண்டும். யூஎஃப்எஸ் சேமிப்பு பல வட்டுகளாகத் தெரியும், கை வைக்க வேண்டியது யூசர்டேட்டா இருக்கும் முதல் வட்டில் மட்டும். முதலில் ஓடும் பூட்லோடரான எக்ஸ்பிஎல் இருக்கும் வட்டைக் கெடுத்தால் ஃபோன் 9008 என்ற அவசரப் பயன்முறையில் விழும். நிறுவனம் கையெழுத்திட்ட கருவி இல்லாமல் அங்கிருந்து மீள முடியாது.

பூட்-பி பகிர்வில் லினக்ஸ் கெர்னல், புதிய பகிர்வில் ரூட் ஃபைல்சிஸ்டம். டிடிபிஓ-பி பகிர்வையும் அழிக்க வேண்டும், இல்லையென்றால் அதிலுள்ள பழைய டிவைஸ் ட்ரீ (வன்பொருள் விவரப் பட்டியல்) துண்டுகள் மெயின்லைன் கெர்னலின் மேல் ஒட்டப்பட்டு பூட் நின்றுவிடும். ஏ-யின் டிடிபிஓ ஆண்ட்ராய்டுக்கு வேண்டும், அதைத் தொடாதீர்கள். ஓஎஸ் மாற்ற, வால்யூம் அப்பும் பவரும் பிடித்து ஃபாஸ்ட்பூட் என்ற பூட்லோடர் பயன்முறைக்குப் போய், கணினியிலிருந்து செயல்படும் ஸ்லாட்டை மாற்றினால் போதும்.

அடிக்கடி நடக்கும் இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று, ஆண்ட்ராய்டின் ஓடிஏ (இணையவழி) அப்டேட் எப்போதும் ஓடாத ஸ்லாட்டில்தான் எழுதும், அதாவது உங்கள் லினக்ஸ் கெர்னலின் மேல். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் தானியங்கி சிஸ்டம் அப்டேட்டை முதல் நாளே நிறுத்துங்கள். இரண்டு, ஒரு ஸ்லாட் வெற்றிகரமாக பூட் ஆனதாக ஓஎஸ் குறித்துவைக்காவிட்டால், சில முயற்சிகளுக்குப் பின் பூட்லோடர் அதைக் கைவிட்டு மற்ற ஸ்லாட்டுக்குத் தாவும். லினக்ஸில் அந்தக் குறியை இடும் க்யூபூட்சிடிஎல் சேவை இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்த பூட்லோடரோடு ஓடும் ஆண்ட்ராய்டு, கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனையில் முழுத் தேர்ச்சி பெறாது. யுபிஐ, வங்கி ஆப்கள் மறுக்கக்கூடும். ஒரே ஃபோன் வைத்திருப்பவர் இந்த வழிக்குப் போகக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பைன்ஃபோன்: எஸ்டி கார்டு மாற்றினால் ஓஎஸ் மாறும்

பகிர்வுச் சண்டையே இல்லாத லினக்ஸ் ஃபோன் இது. ஆல்வின்னர் ஏ64 சிப்பின் பூட்ராம் (சிப்பிலேயே பதிந்த தொடக்க நிரல்) முதலில் மைக்ரோஎஸ்டியைத் தேடும், பூட்லோடர் அதில் இல்லையென்றால்தான் இஎம்எம்சி (ஃபோனின் உள் சேமிப்பு). ஓர் ஓஎஸ் உள்ளே, இன்னொன்று கார்டில். டோ-பூட் என்ற பூட்லோடரை நிறுவிவிட்டால் கார்டைக் கழற்றவும் தேவையில்லை. தொடங்கும்போது வால்யூம் டவுன் பிடித்தால் கார்டு. வால்யூம் அப் பிடித்தால் இஎம்எம்சி கணினியில் யூஎஸ்பி வட்டாகத் தெரியும். ஏ1 தரக் கார்டு வாங்குங்கள், மலிவுக் கார்டில் சிறு கோப்புகளின் வேகம் படுத்துவிடும்.

ஒரே லினக்ஸ் விநியோகத்தை இரண்டிலும் போட்டால் ஒரு குழப்பம் வரும். ரூட் பகிர்வை லேபிளை வைத்துத் தேடும் பதிப்புகளில், கார்டின் கெர்னல் இஎம்எம்சியின் ரூட்டை ஏற்றிவிடும். கெர்னல் மாட்யூல்கள் (டிரைவர்கள்) பொருந்தாமல் வைஃபை காணாமல் போகும். ஒன்றின் லேபிளை மாற்றினால் சரியாகும்.

2 அல்லது 3 ஜிபி ராமும் நான்கு கார்டெக்ஸ்-ஏ53 கோர்களும்தான் இதன் எல்லை. பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே திணறும். பைன்ஃபோன் ப்ரோவில் வேகம் கூடும், ஆனால் அதன் ஆர்கே3399எஸ் சிப் எஸ்பிஐ (சிறு ஃபிளாஷ் நினைவகம்), இஎம்எம்சி, எஸ்டி என்ற வரிசையில் தேடும். அங்கே எஸ்பிஐயில் டோ-பூட் எழுதாமல் கார்டைச் செருகினால், இஎம்எம்சியில் ஏற்கெனவே இருக்கும் பூட்லோடர்தான் முந்திக்கொள்ளும்.