நேஷனல் ஆர்ட் பாஸ்: அருங்காட்சியக அட்டை பற்றிய மதிப்புரை

பிரிட்டனில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆர்ட் ஃபண்ட் அறக்கட்டளை வழங்கும் நேஷனல் ஆர்ட் பாஸ் அட்டையை நான் முதலில் வாங்கியது, பெரிய கண்காட்சிகளுக்குக் கிடைக்கும் பாதிக்கட்டணச் சலுகைக்காகத்தான். ஆனால், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வைப்பது, சந்தாப் பணம் சென்று சேரும் இடமே.

ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெத் வரைந்த ‘ரோக்பி வீனஸ்’ ஓவியத்தை இவ்வமைப்பு 1906இல் 45,000 பவுண்டுக்கு வாங்கி, லண்டன் நேஷனல் கேலரிக்கு அளித்தது. அந்த ஓவியத்தின் முன் நின்று, அதில் வரையப்பட்ட கண்ணாடியில் மங்கலாகத் தெரியும் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், நன்கொடையாளர்கள் முன்வந்திராவிட்டால் இது இன்று எவர் வீட்டுச் சுவரில் இருந்திருக்குமோ என்று மனம் பதைக்கிறது. 2014இல் ஆங்கிலேயப் பீங்கான் நிறுவனமான வெட்ஜ்வுட்டின் சேகரிப்பு, ஓய்வூதிய நிதிக் கடனுக்காக ஏலத்திற்குப் போகவிருந்த நிலையில், தேவைப்பட்ட 1.575 கோடி பவுண்டில் கடைசிப் பகுதியை, இவ்வமைப்பின் வேண்டுகோளை ஏற்று, பொதுமக்கள் ஒரே மாதத்தில் திரட்டிக் கொடுத்தனர். 2020இல் திரைப்பட இயக்குநர் டெரெக் ஜார்மன் வாழ்ந்த ப்ராஸ்பெக்ட் காட்டேஜும், கரிய பலகைச் சுவரும் மஞ்சள் சன்னல் சட்டமுமாக, அவ்வாறே காப்பாற்றப்பட்டது.

குறையும் உண்டு. தேசிய அருங்காட்சியகங்கள் பலவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்கு ஏற்கெனவே கட்டணமில்லை என்பதால், கண்காட்சிகளுக்கு அதிகம் செல்லாதவர்களுக்கு அட்டையின் பயன் குறைவே. ஒரு சிறிய காட்சியகத்தில் நுழைவாயில் ஊழியருக்கு அட்டையைப் பற்றியே தெரியாமல், நான் முழுக்கட்டணம் செலுத்த நேர்ந்தது. ஆயினும், அடுத்த ஆண்டும் புதுப்பிப்பேன்.