கடையில் வாங்கும் நாய்க்குட்டியா, வீட்டில் பிறந்த குட்டியா?

திருச்சி உறையூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு இதுவரை இரண்டு லாப்ரடார் நாய்க்குட்டிகளை வாங்கி வந்திருக்கிறோம். முதல் குட்டி கடையில் வாங்கியது. அடுத்து வந்த பொன்னி, ஸ்ரீரங்கத்தில் ஒரு குடும்பத்தாரின் வீட்டில் பிறந்தவள். சென்ற ஆண்டு புரட்டாசிக் கடைசியில் பொன்னியே எங்கள் வீட்டில் ஏழு குட்டிகளை ஈன்றாள். இவ்வளவையும் பார்த்த பிறகு என் மனம் முழுக்க வீட்டில் பிறந்த குட்டியின் பக்கம்தான் சாய்கிறது.

விலையில் கடைதான் மலிவு. ஒன்பதாயிரம் கொடுத்தோம், பொன்னிக்குப் பதினான்காயிரம் ஆயிற்று. கடையில் போன அன்றே குட்டி கையில் கிடைத்துவிடும். பொன்னிக்காக நான்கு மாதம் காத்திருந்தோம். இந்த இரண்டும்தான் முக்கியம் என்பவர்களுக்குக் கடை வசதியானது.

எனக்கு முடிவைச் சொன்னது குட்டியின் வயதுதான். நம் ஊரில் "நாற்பத்தைந்து நாள் குட்டி" என்று சொல்லியே விற்கிறார்கள். முதல் குட்டியின் வாயைத் திறந்து பார்த்த மருத்துவர், கடைவாய்ப் பற்கள் அப்போதுதான் முளைப்பதைக் காட்டி, ஒரு மாதம்தான் இருக்கும் என்றார். நாற்பத்தைந்து நாளே உண்மையாக இருந்தாலும் அது போதாது. 2017-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. அதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

வந்த ஆறாம் நாள் வாந்தி எடுத்தது. பிறகு இரத்தமாகக் கழிந்தது. பார்வோ என்னும் குடல் தொற்றுநோய். ஒன்பதாம் நாள் என் மகளின் மடியிலேயே இறந்துபோயிற்று. சீம்பாலில் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி சில வாரங்களில் குறைந்துகொண்டே வரும். ஆனால் அது முழுதும் போகும்வரை தடுப்பூசியும் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அந்த இடைக்காலத்தில், வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த குட்டிகளோடு ஒரே கூண்டில் கிடந்தால் நோய்க்கு வாசலைத் திறந்துவிட்டது போலத்தான். வீட்டில் பிறந்த குட்டிக்குப் பார்வோ வராது என்று நான் சொல்லவில்லை. வருவதற்கான வழிகள் அங்கே குறைவு.

அந்த எட்டு வாரத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பொன்னி ஈன்றபோதுதான் முழுதாகக் கண்டேன். சினையாகி அறுபதாம் நாளிலிருந்து தினமும் வெப்பமானி வைத்துப் பார்த்தோம். 38 டிகிரிக்கு மேலிருக்கும் உடல்வெப்பம் 37-ஐ ஒட்டி இறங்கினால் ஒரு நாளுக்குள் ஈன்றுவிடும். அறுபத்திரண்டாம் நாள் இறங்கியது. அன்றிரவே உள்ளறையில், பழைய பருத்திப் புடவைகளை விரித்த மரப்பெட்டியில் ஏழும் பிறந்தன. கழுத்தில் வெவ்வேறு நிறக் கம்பளி நூல் கட்டி, சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்தோம். நீல நூல் குட்டி மட்டும் இரண்டு நாள் எடை ஏறாமல் நின்றது. அதைத் தூக்கிப் பால் அதிகம் சுரக்கும் பின்காம்பில் வைத்துப் பிடித்திருந்து தேற்றினோம். இரண்டாவது வாரம் கண் திறந்தன. மூன்றாவது வாரம் காது கேட்கத் தொடங்கியது. அன்று முதல் குக்கர் விசில், மிக்சி, மாமனாரின் கைத்தடி, தெருக்கோடியில் வெடித்த தீபாவளிப் பட்டாசு எல்லாம் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கேட்ட சத்தங்கள். ஆறாவது வாரம் ஒன்றையொன்று கடித்து விளையாடும். அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டையே நிறுத்திவிடும், பொன்னி உறுமுவாள். கடியின் அளவைக் குட்டி இப்படித்தான் கற்கிறது. ஒரு மாதத்தில் பிரித்துவிட்ட குட்டிக்கு இந்தப் பாடத்தை யார் நடத்துவது?

வீட்டில் பிறந்தது என்ற பெயர் மட்டும் போதாது. பருவத்துக்கு வரும்போதெல்லாம் பெட்டை நாயைச் சேர்க்கவிட்டுக் குட்டிகளை விற்கும் வீடுகளும் உண்டு. பதினெட்டு மாதத்துக்கு முன் சேர்க்கக் கூடாது, அடுத்தடுத்த பருவங்களில் கூடாது, எட்டு வயதுக்குப் பின் கூடாது, ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. ஆகவே குட்டியைத் தொடுவதற்கு முன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்ரீரங்கத்து வீட்டு அம்மா எங்களை மூன்று முறை வரச்சொன்னார். பகலில் நாயோடு யார் இருப்பீர்கள் என்று எங்களையே கேட்டார். அந்தக் கேள்வியால்தான் அவரை நம்பினேன்.

என் அனுபவம் லாப்ரடாரோடும் ஒரே ஓர் ஈற்றோடும் நின்றுவிடுகிறது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குப் பல நேரங்களில் அறுவை செய்தே குட்டிகளை எடுக்க வேண்டியிருப்பதால், அவற்றுக்கு வீட்டுப் பேறு சரி என்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

ஆறு குட்டிகள் எட்டு வாரம் முடிந்து, முதல் தடுப்பூசியோடு போய்ச் சேர்ந்தன. நீல நூல் சிட்டுவை நாங்களே வைத்துக்கொண்டோம். இப்போது பதினான்கு மாதம். இரண்டு வயதானதும் இடுப்பெலும்பை எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்போம். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வழிவழியாக வருவது. சிட்டுவுக்கு அது இருந்தால் கருத்தடை செய்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.