ஸ்டீவும் ராபும்: ‘தி ட்ரிப்’ தொடரை எந்த வடிவில் பார்ப்பது?

‘தி ட்ரிப்’ என்ற ஒரே பெயரில் இரண்டு படைப்புகள் கிடைக்கின்றன. 2010 நவம்பரில் பிபிசி டூ ஒளிபரப்பத் தொடங்கிய ஆறு அரைமணி நேர எபிசோடுகள் ஒன்று. அதே காட்சிகளை வெட்டிச் சுருக்கி இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கிய திரைப்படம் இன்னொன்று. இரண்டுக்கும் இயக்குநர் மைக்கேல் வின்டர்பாட்டம். இரண்டிலும் பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர்களான ஸ்டீவ் கூகனும் ராப் பிரைடனும்தான் தங்கள் பெயரிலேயே நடிக்கிறார்கள். வாங்குவதாக இருந்தால் ஆறு எபிசோடு கொண்டதையே வாங்குங்கள். இந்த இரண்டு பாத்திரங்களும் பெரிய திருப்பங்களால் உருவானவர்கள் அல்ல. ஒரே காரியத்தை ஆறு நாள் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்துத்தான் அவர்கள் யாரென்று நமக்குப் பிடிபடுகிறது. படத்தில் அந்தத் திரும்பல்தான் முதலில் வெட்டுப்படுகிறது.

கதை என்று சொல்ல அதிகம் இல்லை. வட இங்கிலாந்து உணவகங்களுக்குப் போய்ச் சாப்பிட்டு விமர்சனம் எழுத ‘தி அப்சர்வர்’ ஞாயிறு இதழ் ஸ்டீவை அமர்த்துகிறது. காதலி மிஷாவை அழைத்துப் போவதாகத்தான் அவர் ஏற்பாடு. அவளோ கொஞ்ச நாள் பிரிந்திருக்கலாம் என்று அமெரிக்கா போய்விடுகிறாள். வேறு சிலரைக் கேட்டுப் பார்த்து, யாரும் கிடைக்காத பிறகு ராபைக் கூப்பிடுகிறார் ஸ்டீவ். அதை ராபிடம் மறைப்பதுகூட இல்லை. ராப் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் வண்டியில் ஏறிக்கொள்கிறார். பின்னால் வரும் ஆறு நாள் உறவும் இந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு எபிசோடும் ஒரே வரிசையில் நடக்கும். ரேஞ்ச் ரோவரில் பயணம், விடுதியில் அறை, மேசையில் நீண்ட சாப்பாடு, இரவில் ஆளுக்கொரு தொலைபேசி அழைப்பு. அந்த இரவு அழைப்புகளைக் கவனமாகப் பாருங்கள். மலைப்பகுதியில் சிக்னல் இல்லாமல், செல்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறுகிறார் ஸ்டீவ். மிஷா கிடைத்தாலும் பேச்சு பாதியில் கசந்துவிடுகிறது. ராபோ கட்டிலில் படுத்தபடி, நடிகர் ஹ்யூ கிராண்ட் குரலில் மனைவி சாலியைக் கொஞ்சுகிறார். அவள் கைக்குழந்தையோடு களைத்துப்போய் வீட்டில் இருக்கிறாள். ஒரு நாள் பார்த்தால் இது வெறும் நகைச்சுவை. நான்காவது நாளும் இதையே பார்க்கும்போது, இருவரில் யாரிடம் எது இல்லை என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

இனி மிமிக்ரி. இந்தத் தொடரைப் பற்றிக் கேள்விப்பட்ட பலருக்கும் தெரிந்தது பிரிட்டிஷ் நடிகர் மைக்கேல் கெய்னைப்போல் பேசும் காட்சிதான். இணையத்தில் அந்தத் துண்டை மட்டும் பார்த்தவர்கள், இரண்டு பேர் குரல் மாற்றிப் பேசும் நிகழ்ச்சி இது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடப்பது ஒரு சண்டை. இளமையில் கெய்னின் குரல் மூக்கிலிருந்து வந்தது, சுருட்டும் பிராந்தியும் சேர்ந்து காலப்போக்கில் அதைக் கீழே இறக்கிவிட்டன என்று பாடம் எடுப்பதுபோல் படிப்படியாகச் செய்துகாட்டுகிறார் ராப். அது போதாது, உணர்ச்சிவசப்படும்போது அந்தக் குரல் உடையும், அதை நீ பிடிக்கவில்லை என்று மறுக்கிறார் ஸ்டீவ். இருவரும் சொல்வது சரி. அவரவர் சொல்வதில் அவரவர் குணமும் இருக்கிறது. ராபுக்குக் குரல் ஒரு விளையாட்டுச் சாமான். எடுத்துக் காட்டி எதிரில் இருப்பவரைச் சிரிக்க வைத்துவிட்டால் போதும். ஸ்டீவுக்கு அது ஒரு தேர்வு. அதில் இன்னொருவன் முதலிடம் வாங்கிவிடக் கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட குட்டி மனிதன் ஒருவனின் குரல் ராபுக்குக் கைவந்த வித்தை. தொண்டைக்குள் அழுத்தி, தூரத்திலிருந்து கத்துவதுபோல் வரும். அது அற்பம் என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஸ்டீவ், இரவில் தனியாகக் கண்ணாடி முன் நின்று அதைச் செய்து பார்க்கிறார். வரவில்லை. முதல் சீசனில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். வசனத்தில் எங்கும் ஒப்புக்கொள்ளாத பொறாமை இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

வெளிப்புறக் காட்சிகளும் இதே வேலையைச் செய்கின்றன. போல்டன் அபியில் ஆற்றுக்குக் குறுக்கே போட்ட கற்களைத் தாண்டும்போது ஸ்டீவ் பாதியில் தண்ணீரில் விழுகிறார். மால்ஹம் கோவ் பாறை உச்சியில், சுண்ணாம்புக்கல் உருவான விதத்தை ஓயாமல் விளக்கும் ஒரு மனிதரிடம் மாட்டிக்கொண்டு நெளிகிறார். ஊர் ஊராக ராபுக்குத் தகவல் சொல்லி அலுப்பூட்டுவது அதுவரை ஸ்டீவின் வேலை. கவிஞர்கள் வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ் வாழ்ந்த இடங்களுக்கும் போகிறார்கள். அங்கே ராப் நின்ற இடத்தில் கவிதை சொல்லத் தொடங்கிவிடுவார்.

பார்ப்பவர்களைக் குழப்பும் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெயர்களும் தொழிலும் உண்மை. கூகன் ஆலன் பார்ட்ரிட்ஜ் என்ற நகைச்சுவைப் பாத்திரத்தால் புகழ் பெற்றவர், பிரைடன் வேல்ஸ்காரர், இருவரும் 1965இல் பிறந்தவர்கள். ராபின் மனைவி சாலி, ஸ்டீவின் காதலி மிஷா, மகன் ஜோ எல்லாரும் நடிகர்கள். இருவரின் உண்மைக் குடும்பத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. பேச்சில் பெரும்பகுதி படப்பிடிப்பில் அவர்களாகவே உருவாக்கியது. ஆகவே இதை ஆவணப்படம் என்று எண்ணி, ‘நிஜத்தில் இவ்வளவு கர்வியா?’ என்று கூகன்மீது கோபப்படத் தேவையில்லை. 2005இல் இதே இயக்குநரின் ‘எ காக் அண்ட் புல் ஸ்டோரி’யில் இருவரும் தங்கள் பெயரிலேயே நடித்துப் பழகிய விளையாட்டின் நீட்சி இது. தன்னைத்தானே இவ்வளவு சிறுமையாகக் காட்டத் துணிந்த நடிப்புக்கு 2011இல் கூகனுக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. பெண் பாத்திரங்கள் மெலிந்தவை. உதவியாளர் எம்மாவும் புகைப்படக்காரர் யோலாண்டாவும் வந்து சிரித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு நாள் தரப்படவே இல்லை. சாப்பாட்டுக்காகப் பார்ப்பவர்களும் ஏமாறுவார்கள். இன் அட் வைட்வெல், லான்க்ளூம், ஹோல்பெக் கில், ஹிப்பிங் ஹால், யார்க் ஆர்ம்ஸ், ஏஞ்சல் என்று எல்லாம் உண்மையான உணவகங்கள், அடுக்களையில் சமைப்பதும் அழகாகக் காட்டப்படுகிறது. கார்ட்மெல் ஊரில் இருக்கும் லான்க்ளூம் 2022இல் உணவகங்களுக்கான உயர்ந்த அங்கீகாரமான மிஷலின் நட்சத்திரத்தில் மூன்றாவதைப் பெற்ற இடம். ஆனால் விமர்சனம் எழுத வந்த இருவருக்கும் ருசியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. தட்டு வந்தவுடன் ஒரு வரி, அப்புறம் கெய்ன், ஷான் கானரி, பாண்ட் பட வில்லன் குரல்கள்தான். பாத்திரங்களுக்கு இது பொருத்தம். சமையல் நிகழ்ச்சி தேடுபவர்கள் வேறிடம் பார்க்கலாம்.

டிஸ்க் வாங்குபவர்கள் அட்டையில் நிமிடக் கணக்கைப் பாருங்கள். மூன்று மணி நேரத்தை ஒட்டி இருந்தால் எபிசோடுகள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் திரைப்படம். டிஸ்க் எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்பதை மண்டல எண் சொல்லும்: பிரிட்டிஷ் டிவிடி மண்டலம் 2, அமெரிக்க டிவிடி மண்டலம் 1, இந்திய பிளேயர்கள் மண்டலம் 5. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இல்லையென்றால் டிஸ்க்கைப் போட்டாலும் படம் வராது. ஆங்கில சப்டைட்டிலை அவசியம் போட்டுக்கொள்ளுங்கள். வேல்ஸ், மான்செஸ்டர் உச்சரிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆனால் வசனத்தை எழுதிக் காட்டும் சப்டைட்டிலால் அது யாருடைய குரல் என்பதைக் காட்ட முடியாது. மைக்கேல் கெய்ன், ஷான் கானரி, ரோஜர் மூர், அல் பசீனோ, ஹ்யூ கிராண்ட் இந்த ஐந்து நடிகர்களும் பேசுவதை முன்னதாக ஐந்தைந்து நிமிடம் கேட்டு வைத்துக்கொண்டால் பாதி நகைச்சுவை கை நழுவாது. ஆறு எபிசோடையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். நாளைக்கு ஒன்று போதும். அடுத்தடுத்துப் பார்த்தால் ராப் ஸ்டீவுக்குத் தரும் எரிச்சல் நமக்கும் வந்துவிடும்.

அடுத்த சீசன்களில் 2014இல் வந்த இத்தாலிதான் சிறந்தது. அதில் இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். ஸ்டீவ் அடங்கி, மகனோடு நேரம் செலவிட விரும்புகிறார். குடும்பஸ்தரான ராப் படகில் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு தவறுகிறார். கூடவே ஒரு ஹாலிவுட் வாய்ப்பும் அவருக்கு வருகிறது. எரிமலையில் அழிந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெயியில், அங்கே இறந்த ஒருவரின் வடிவில் வார்த்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் உடலுக்கு ராப் அந்தக் குட்டி மனிதன் குரலைக் கொடுக்கிறார். முகம் சுளித்து ஸ்டீவ் அங்கிருந்து நகர்ந்துவிடுகிறார். முதல் சீசனின் கண்ணாடிக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இது இரட்டிப்பாக வலிக்கும்.

2017 ஸ்பெயின் சீசன் ஸ்கை அட்லாண்டிக் சேனலுக்குப் போனது. நான்கில் இதுவே தளர்ந்தது. ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களான மூர்களின் வரலாற்றை ஸ்டீவ் சொல்லச் சொல்ல, ராப் ரோஜர் மூராகவே பேசிக்கொண்டிருக்கும் சாப்பாட்டுக் காட்சி மட்டும் முதல் சீசனுக்கு நிகர்.

2020இன் கிரேக்கப் பயணம் டிராயில் தொடங்கி இத்தாக்கா நோக்கிப் போகிறது. கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸ் போர் முடிந்து வீடு திரும்பப் பத்து வருடம் அலைந்த வழி இவர்களுக்கு ஆறு நாள். வழியில் ஸ்டீவின் தந்தை உடல்நிலை மோசமாகிறது, இறந்தும் போகிறார். பயணத்தைப் பாதியில் விட்டு ஸ்டீவ் ஊர் திரும்புகிறார். இத்தாக்காவில் போய் இறங்குவது ராபும், அங்கே அவரோடு வந்து சேரும் சாலியும்தான். பழைய கதையை இருவருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார் வின்டர்பாட்டம்: மனைவியிடம் போய்ச் சேரும் பகுதி ராபுக்கு, தந்தையும் மகனும் வரும் பகுதி ஸ்டீவுக்கு. முதல் சீசனின் கடைசியில் ராப் வீட்டுக்குள் நுழைந்து மனைவியையும் குழந்தையையும் பார்க்கிறார். ஸ்டீவ் லண்டனில் கண்ணாடிச் சுவர் போட்ட தன் வீட்டில் ஆளில்லாமல் நிற்கிறார். அதைப் பார்த்துவிட்டு, பத்து வருடம் கழித்து எடுத்த இந்த முடிவுக்கு வாருங்கள்.