டார்க் ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்: வெளிச்சத்தை நிறுத்த எது சரி?

குளியலறையை டார்க் ரூமாக்கி (ஃபிலிமும் பிரின்ட்டும் கழுவும் இருட்டறை) கறுப்பு வெள்ளைப் படம் பிரின்ட் போடுபவர்களுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் ஒரு தலைவலி. திறந்து விட்டால் இறக்கை இடுக்கு வழியே வரும் பகல் வெளிச்சம் பிரின்ட் பேப்பரைக் கெடுக்கும். அடைத்துவிட்டால் ஸ்டாப் பாத்தின் (டெவலப் ஆவதை நிறுத்தும் கரைசல்) அசிட்டிக் அமில நெடியும் ஃபிக்ஸரிலிருந்து (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) கிளம்பும் சல்ஃபர் டை ஆக்சைடும் தொண்டையைப் பிடிக்கும். இருட்டுக்காகக் காற்றை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

கறுப்புத் துணியை முதலிலேயே தள்ளிவிடலாம். நெருக்கமான நெசவு என்றால் காற்று போகாது. தளர்வான நெசவு என்றால் வெளிச்சம் நிற்காது. ஃபேனோடு வரும் மூடுதகடுகளும் பயனில்லை, ஃபேன் ஓடும்போது அவை திறந்துதான் இருக்கும்.

மற்ற மூன்று வழிகளும் (லூவர், வளைந்த குழாய், தடுப்பு வைத்த பெட்டி) ஒரே விஷயத்தை நம்பியவை. காற்று வளைந்து போகும், வெளிச்சம் வளையாது. திருப்பத்தில் மேட் (பளபளப்பில்லாத) கறுப்புச் சுவர் 5% வெளிச்சத்தை மட்டும் திருப்பி விடுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு மோதலுக்குப் பின் மிஞ்சுவது 0.25%.

டார்க் ரூமுக்கென்றே விற்கும் காற்றுத் திறப்புச் சட்டமான லூவரில் மடிந்த தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். இருட்டு அருமை. ஆனால் இடுக்குகள் குறுகல், சாதாரண இறக்கை ஃபேனுக்கு அதைத் தாண்டித் தள்ளும் அழுத்தம் கிடையாது. ஃபேனைவிடப் பெரிய லூவர் வாங்கினால்தான் சரிவரும்; செலவும் கூடும்.

பி.வி.சி. குழாயில் இரண்டு பென்ட் (வளைவுத் துண்டு) சேர்ப்பது மலிவு. 4 அங்குலக் குழாய் வேண்டாம். 6 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு அதைவிட இரு மடங்குக்கும் மேல். உள்ளே கறுப்பு மேட் பெயின்ட் அடிப்பதுதான் சிரமம். அடிக்காவிட்டால் வழவழப்பான சுவரில் வெளிச்சம் தெறித்துத் தெறித்து உள்ளே வந்துவிடும். பளபளக்கும் அலுமினிய மடிப்புக் குழாய் இன்னும் மோசம்.

என் ஓட்டு பிளைவுட் பெட்டிக்கு. ஃபேனுக்கு முன்னால் ஒரு பெட்டி, அதற்குள் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஒன்றையொன்று தாண்டி நீளும் இரண்டு தடுப்புகள், உள்ளே எங்கும் மேட் கறுப்பு. கணக்கு எளிது: 6 அங்குல ஃபேனின் வாய் ஏறத்தாழ 28 சதுர அங்குலம். பெட்டி 12 அங்குல அகலம் என்றால் 3 அங்குல இடைவெளி 36 சதுர அங்குலம் தருகிறது. வழி எங்கும் ஃபேன் வாயைவிடக் குறுகாததால் காற்று அதிகம் திணறாது. இடம் அடைக்கும், உண்மைதான். அப்புறம், உள்ளே காற்று வர வழி இல்லாவிட்டால் எந்த ஃபேனும் வெளியே தள்ளாது. கதவின் அடியில் இதே மாதிரி இன்னொரு பெட்டி வேண்டும்.

பெரும்பாலான ஃபிலிம் எல்லா நிற வெளிச்சத்துக்கும் கூசும். அதை டெவலப் தொட்டியின் ரீலில் சுற்றும் சில நிமிடங்களுக்கு ஃபேனை நிறுத்தி மூடிவிடுவதே நல்லது. பேப்பருக்கு, கண் பழக 20 நிமிடம் இருட்டில் இருந்து, வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். பிறகு என்லார்ஜரில் (படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) லேசாகச் சாம்பல் நிறம் வருமளவு வெளிச்சம் காட்டிய பேப்பரின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, சேஃப்லைட்டை (பேப்பரைக் கெடுக்காத மங்கல் விளக்கு) அணைத்து, ஃபேனை ஓடவிட்டு, வழக்கமாக வேலை செய்யும் நேரம்வரை விடுங்கள். டெவலப் செய்தபின் நாணயத்தின் தடம் தெரிந்தால் மூன்றாவது தடுப்பு தேவை.