வோர்டெக்ஸ் டியூப் வைத்து கம்ப்யூட்டரைக் குளிர்வித்தால்: கோடையும் மழைக்காலமும் கடந்த அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போய்விடலாம். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வோர்டெக்ஸ் டியூப் வேண்டாம். வேலை செய்யாது என்பதில்லை, நன்றாகவே செய்யும். ஆனால் ப்ராசஸரில் இரண்டு டிகிரி இறக்க, மொட்டை மாடியில் இரண்டு எச்பி மோட்டார் ஓட வேண்டும். அந்த இரண்டு டிகிரிக்கு மேல் ஏன் இறங்கவில்லை என்பதுதான் இதில் சுவையான கதை. மற்றவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

கோயம்புத்தூரில் சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் இயந்திரம்) இருக்கும் பட்டறைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழாய் புதிதாக இருக்காது. மின் பேனலின் தலைமேல் ஒரு ஜாண் நீளத்துக்கு ஸ்டீல் குழாய் ஒன்று உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் கம்ப்ரெஸர் காற்று நுழையும். ஒரு முனையில் சில்லென்ற காற்று வரும், மறுமுனையில் கை வைக்க முடியாத சூட்டில் வரும். உள்ளே ஃபேன் கிடையாது, மோட்டார் கிடையாது, கேஸ் கிடையாது, வயர்கூடக் கிடையாது. முதல்முறை பார்க்கும்போது ஏதோ கண்கட்டு வித்தை என்றுதான் தோன்றும்.

பிரான்ஸைச் சேர்ந்த ஜார்ஜ் ராங்க் 1930களின் தொடக்கத்தில் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியது இது. அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் ஹில்ஷ் இதை முறையாகச் சோதித்து 1946, 47 வாக்கில் கட்டுரைகள் வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. காற்று குழாயின் உள்சுவரை உரசினாற்போல் நுழைந்து பயங்கர வேகத்தில் சுழல்கிறது. நிமிடத்துக்குப் பத்து லட்சம் சுற்று என்று தயாரிப்பாளர்கள் எழுதுவார்கள். வெளிச்சுழல் ஒரு முனையை நோக்கிப் போகிறது. அங்கே இருக்கும் வால்வு அதில் கொஞ்சத்தை மட்டும் வெளியே விட, மீதி நடுவழியாகத் திரும்பி எதிர்முனைக்கு வருகிறது. வரும் வழியில் உள்சுழல் தன் சக்தியை வெளிச்சுழலுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்துபோகிறது. இந்தக் கைமாற்றம் சரியாக எப்படி நடக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டறைக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை, சூடான முனையில் இருக்கும் திருகைத் திருப்பத் தெரிந்தால் போதும்.

என் கம்ப்யூட்டரில் இருக்கும் ப்ராசஸர் ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ். ஒற்றை டவர் ஏர் கூலர், முன்பக்கம் வலை வைத்த கேபினெட். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் (படமாக்கும் வேலை) போட்டால் 140 வாட் வரை இழுக்கும். இந்தச் சில்லின் தொல்லையே சூடு ஒரு சின்ன இடத்தில் குவிவதுதான். ஏப்ரலில் அறை 34 டிகிரி இருக்கும்போது ப்ராசஸர் 88, 89 காட்டும். 90 அதன் எல்லை. தெரிந்த பட்டறையில் பழைய பேனலிலிருந்து கழற்றிய டியூப் ஒன்று கிடைத்தது. கம்ப்ரெஸர் ஏற்கெனவே என்னிடம் இருந்தது: பெயின்ட் அடிப்பதற்கு வாங்கிய இரண்டு எச்பி, 50 லிட்டர் டேங்க். அப்புறம் என்ன, மாட்ட வேண்டியதுதானே.

டியூபில் வந்த ஜெனரேட்டர், அதாவது காற்றைச் சுழலவிடும் அந்தச் சின்னப் பல்லுள்ள வளையம், 10 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) அளவு. அதை வைத்துத் திறந்தால் குளிர் அற்புதமாக வந்தது. ஆனால் டேங்க் பிரஷர் 8 கிலோவிலிருந்து (சதுர சென்டிமீட்டருக்கு) ஐந்தரைக்கு இறங்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. கணக்குப் போட்டால் ஆச்சரியம் இல்லை. 50 லிட்டர் டேங்கில் இரண்டரை கிலோ இறங்கினால் கிடைப்பது வெறும் 125 லிட்டர் காற்று. பத்து சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு 280 லிட்டர். மோட்டார் ஓட ஆரம்பித்தாலும் இந்த வகைக் கம்ப்ரெஸர் நிஜத்தில் தருவது ஐந்து சிஎஃப்எம் பக்கம்தான். ஸ்டிக்கரில் எழுதியிருப்பது பிஸ்டன் இடப்பெயர்ச்சிக் கணக்கு, டேங்குக்குள் அவ்வளவு போய்ச் சேராது.

அதனால் 4 சிஎஃப்எம் ஜெனரேட்டர் வாங்கி மாற்றினேன். டியூபைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதைப் போட்டு இறுக்க ஐந்து நிமிட வேலை. மோட்டார் ஏறக்குறைய நிற்காமல் ஓடினாலும், காற்று தொடர்ந்து கிடைத்தது. இடையில் இன்னொன்றும் தெரிந்தது. டேங்க் கேஜில் ஏழு கிலோ காட்டும்போது டியூபின் வாயில் ஐந்துகூட இல்லை. 6 எம்எம் பியூ பிளாஸ்டிக் காற்றுக் குழாயில் மாடியிலிருந்து அறை வரை இழுத்தால் அப்படித்தான் ஆகும். 10 எம்எம்முக்கு மாற்றியதும் பிரஷர் சரியானது. கேஜை டேங்கில் பார்க்காதீர்கள், டியூப் அருகில் ஒரு டி வடிவ இணைப்பு போட்டு அங்கே பாருங்கள். இந்தக் குழாய்க்கு உயிரே உள்ளே நுழையும் பிரஷர்தான்.

சரி, குளிருக்கு வருவோம். சூடான முனையின் வால்வை நன்றாகத் திறந்து, குளிர்ப்பக்கம் கால் பங்கு காற்றை மட்டும் விட்டால் தெர்மாமீட்டர் மைனஸ் காட்டும். முனையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பனி பூக்கும். வீடியோ எடுக்க மிக அழகு. குளிரூட்டலுக்கு அது உதவாது, ஏனென்றால் வருவதே கொஞ்சம் காற்று. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, மொத்தக் காற்றில் எழுபது சதவீதம் குளிர்ப்பக்கம் வரும்படி வைத்தால்தான் அதிக வெப்பத்தை எடுக்கும். அந்த நிலையில் எனக்கு முனையில் ஐந்து, ஆறு டிகிரி. மறுமுனை தொட்டால் கை பொத்துப்போகும் அளவுக்குக் கொதித்தது, அதற்கு ஒரு கம்பி வலை உறை போட வேண்டியிருந்தது.

ஐந்து டிகிரிக் காற்றை நேராகக் கூலர் ஃபேனின் முகத்தில் ஊதினேன். ப்ராசஸர் 88லிருந்து 86க்கு வந்தது. அவ்வளவே. நாசிலைத் தள்ளி வைத்தேன், கிட்டே வைத்தேன், சாய்த்து வைத்தேன். 86.

காரணம் பேப்பரில் உட்கார்ந்தால் பளிச்சென்று தெரியும். நாலு சிஎஃப்எம்மில் எழுபது சதவீதம் என்றால் குளிர்ப்பக்கம் வருவது மூன்று சிஎஃப்எம்முக்கும் குறைவு. கூலரில் இருக்கும் 120 எம்எம் ஃபேன் சுமார் 50 சிஎஃப்எம் இழுக்கிறது. 47 பங்கு அறைக்காற்றில் மூன்று பங்கு குளிர்காற்று கலந்தால் மொத்தமும் இரண்டு டிகிரிதான் இறங்கும். வாட் கணக்கில் சொன்னால், என் டியூப் எடுக்கும் வெப்பம் ஐம்பது வாட் பக்கம்தான்.

அப்படியானால் ஃபேனே வேண்டாம், குளிர்காற்றை மட்டும் கூலரின் தகடுகளுக்குள் விடுவோம் என்று அட்டையில் ஒரு மூடி செய்து மாட்டிப் பார்த்தேன். ரெண்டர் தொடங்கிச் சில நிமிடங்களில் 90 தொட்டு வேகம் குறைந்தது. இதுவும் கணக்குதான். ஒரு நொடிக்கு ஒன்றரை கிராம் சொச்சம் காற்று 140 வாட்டைச் சுமக்க வேண்டுமென்றால் அது எண்பது, தொண்ணூறு டிகிரி சூடேற வேண்டும். ஐந்தில் தொடங்கினாலும் தொண்ணூறில் வெளியேறும் காற்று ப்ராசஸரைத் தொண்ணூறுக்குக் கீழே எப்படி வைக்கும்? சாதாரண ஃபேன் 34 டிகிரி அறைக்காற்றை வைத்துக்கொண்டே இதைவிட நன்றாகச் சமாளிக்கிறது, காற்று ஏராளமாக இருப்பதால். காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைவிட எவ்வளவு வருகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

கரண்ட் கணக்கு இன்னும் மோசம். இரண்டு எச்பி மோட்டார் ஒன்றரை கிலோவாட் இழுக்கிறது. கிடைக்கும் குளிர் ஐம்பது வாட் பக்கம். அதே ஒன்றரை கிலோவாட்டில் ஒன்றரை டன் ஏசி ஐயாயிரம் வாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளும். ஏசி போட்டு அறையை 26க்குக் கொண்டுவந்தால் ப்ராசஸரும் எட்டு டிகிரி இறங்கும், நமக்கும் வியர்க்காது. தினமும் நாலு மணி நேரம் கம்ப்ரெஸர் ஓடினால் ஆறு யூனிட், இரண்டு மாத பில்லில் 360 யூனிட். 500 தாண்டினால் நம்மூர் மின்கட்டணம் எப்படித் தாவும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு அந்தப் பில்லைப் பார்த்த மாதத்திலிருந்து ரெண்டருக்கு மட்டும்தான் கம்ப்ரெஸர்.

சத்தத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதே இல்லை. மாடியில் மோட்டார், அறையில் சீறல். குளிர் முனைக்குச் சைலென்சர் போட்டதும் சீறல் பாதியானது. மோட்டாருக்கு என்ன செய்ய முடியும்? கீழ்வீட்டு அம்மா படியில் நிறுத்தி, "ஏனுங் தம்பி, மேல பஞ்சர் கடை ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஓட்டுவதில்லை என்று அன்றைக்கே உடன்பாடு ஆனது. ரெண்டர் போடுகிறவர்கள் எல்லாரும் இரவில்தான் போடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

கோடையில் இவ்வளவு. மழைக்காலம் வந்ததும் தண்ணீர் ஆரம்பித்தது. ஈரமான காற்றை அமுக்கினால் அதிலிருக்கும் ஈரம் டேங்கில் தண்ணீராக இறங்கும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு டேங்க் அடியில் டிரெயின் வால்வைத் திறந்தால் அரை டம்ளர் அளவு வரும், எண்ணெய் கலந்து மோர் நிறத்தில். டேங்கில் இறங்காத ஈரம் டியூப் வரை வருகிறது. முனை நாலு டிகிரிக்குக் கீழே போகும்போதெல்லாம் புகைபோல் பனி வரும். சில நேரம் உள்ளேயே ஐஸ் கட்டி, காற்றின் சத்தம் மாறி, ஓட்டம் குறைந்துவிடும். இதற்கு மருந்து ரெஃப்ரிஜரேட்டட் ஏர் டிரையர். தொழிற்சாலைகளில் கம்ப்ரெஸருக்குப் பக்கத்திலேயே நிற்கும் பெட்டி அது. குளிர்வித்து ஈரத்தைப் பிரிக்கும் அந்தப் பெட்டியே ஒரு சின்ன ஃப்ரிட்ஜ்தான். கம்ப்யூட்டரைக் குளிர்விக்கும் காற்றை உலர்த்த ஒரு ஃப்ரிட்ஜ் வாங்குவது என்றால், அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளேயே கம்ப்யூட்டரை வைத்துவிடலாமே என்று வீட்டில் கேலி. நான் ஐந்து மைக்ரான் ஃபில்டரும் எண்ணெய்த் துளியைப் பிடிக்கும் கோலெசிங் ஃபில்டரும் போட்டு, வால்வை எட்டு டிகிரிக்கு வைத்து ஒப்பேற்றினேன்.

எஃப்ஆர்எல் (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்) செட் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் மூன்றாவதாக இருக்கும் லூப்ரிகேட்டர் காற்றில் எண்ணெய் தெளிக்கும். காற்றால் இயங்கும் நியூமேட்டிக் சிலிண்டருக்கு அது வேண்டும், மதர்போர்டுக்கு வேண்டாம். ஃபில்டரும் ரெகுலேட்டரும் மட்டும் போதும்.

குழாயின் வெளிப்பக்கமும் வியர்க்கும். மழைநாளில் எட்டு டிகிரிக் குழாய் அறைக்குள் கிடந்தால் சொட்டுச் சொட்டாக நீர் கோர்த்து, எது தாழ்வோ அங்கே விழும். என் கேபினெட்டில் அந்தத் தாழ்வுக்கு நேர் கீழே கிராஃபிக்ஸ் கார்டு. ஏசி பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஃபோமை நாசில் வரை சுற்றி, குழாய் கேபினெட்டை நோக்கி மேலேறும்படி கட்டிய பிறகுதான் நிம்மதி. கூலரின் தகடுகள் நனையவே இல்லை. அவை எப்போதும் அறையைவிடச் சூடுதான்.

இவ்வளவுக்கும் நடுவில் டியூபைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கழற்றிப் பார்த்தால் தேயவும் பழுதாகவும் உள்ளே எதுவுமே இல்லை. அது பிறந்த இடமே வேறு. எண்ணெய்ப் புகையும் இரும்புத் தூளும் பறக்கும் பட்டறையில் பேனலை இறுக மூட வேண்டும், ஃபேன் வைத்தால் தூளையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அங்கே வோர்டெக்ஸ் டியூப் சுத்தமான காற்றை உள்ளே தள்ளி, லேசான அழுத்தத்தில் தூசியை வெளியிலேயே நிறுத்துகிறது. காற்று லைன் எப்படியும் ஓடுகிறது, சத்தத்தை யாரும் கவனிப்பதில்லை. உலைப் பட்டறைகளில் வேலை செய்வோர் போடும் குளிர்க் கோட்டுகளிலும் இதே குழாய் உண்டு. வலை வைத்த கேபினெட்டில் இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்தப் பிரச்சினைகளில் ஒன்றுகூடக் கிடையாது.

இப்போது என்ன செய்கிறேன்? பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரத்தைக் குறைக்கும் எகோ மோடு போட்டு 5800எக்ஸை 65 வாட் வகுப்புக்கு இறக்கிவிட்டேன். சாக்கெட் வரம்பு 142 வாட்டிலிருந்து 88 ஆகிறது. அதே அறை, அதே கூலர், ப்ராசஸர் எழுபதைச் சுற்றி நிற்கிறது. ரெண்டர் கொஞ்சம் மெதுவாக முடிகிறது, செலவு பூஜ்யம்.

டியூபை அக்ரிலிக் ஷீட்டில் துளை போடும் டிரில் மெஷினில் கட்டியிருக்கிறேன். அங்கே மூன்று சிஎஃப்எம் தாராளம். பிட் நுனியில் குளிர்காற்று பட்டால் அக்ரிலிக் உருகி ஒட்டாமல் தூள் தூளாக வருகிறது, ஒரு துளைக்குச் சில நொடிகள்தான் என்பதால் டேங்கும் தாங்குகிறது. கம்ப்ரெஸர் மாதம் ஒருமுறை கம்ப்யூட்டருக்கும் பயன்படுகிறது, தூசி ஊத. பிரஷரை இரண்டு கிலோவுக்குக் குறைத்து, டேங்கை வடித்துவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் கன்னாபின்னாவென்று சுழன்று பேரிங் போய்விடும்.