ஐ7 என்று சொல்லி 2011 சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள்: மதுரையில் அசெம்பிள்டு சிஸ்டம் வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

"ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க், 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 20 இன்ச் மானிட்டர். அனைத்தும் புதியது. ஒரு வருட வாரண்டி. 24,500 ரூபாய் மட்டுமே." இப்படி ஒரு விளம்பரம் வாட்ஸ்அப் குரூப்புகளில் வந்தால் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மதுரை டவுனுக்குள் இருக்கும் ஒரு கடையில் என் அக்கா மகனுக்காக இதே சிஸ்டத்தைத்தான் வாங்கினோம். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை.

பையன் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் காலேஜ் போய்வருகிறான், கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருஷம். அக்கா ஏலச்சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. கடையில் அவன் கேட்ட முதல் கேள்வியே, "எந்த ஜெனரேஷன்?" என்பதுதான். "லேட்டஸ்ட் போர்டு தம்பி, சீல் பிரிச்சு உன் கண்ணு முன்னாடியே மாட்டுறேன்" என்றார் கடைக்காரர். சொன்னபடி மதர்போர்டு டப்பாவை எங்கள் முன்னால்தான் பிரித்தார். போர்டு என்னவோ புதுசுதான். ஜெனரேஷன் கேள்வி பிராசசரைப் பற்றியது, அவர் பதில் சொன்னது போர்டைப் பற்றி.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே ஆப் எழுதப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மென்பொருளைத் திறந்தால் சிஸ்டம் திணறியது. அப்புறம் மத்தியான நேரத்தில் தானாகவே அணைய ஆரம்பித்தது. ஊரில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் சைடு மூடியைக் கழற்றினார். பிராசசர் மேல் இருந்த, சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் சுண்ணாம்புபோலக் காய்ந்து உதிர்ந்தது. அடியில் ஐ7-2600 என்ற எழுத்து. இன்டெல் அதை வெளியிட்டது 2011 ஜனவரியில்.

இங்கேதான் ஏமாற்றின் சூட்சுமம் இருக்கிறது. ஐ7 என்ற பெயர் 2008-லிருந்தே இருக்கிறது, ஒவ்வொரு ஜெனரேஷனிலும் (தலைமுறையிலும்) ஒரு ஐ7 வந்திருக்கிறது. கோட்டுக்குப் பின்னால் வரும் நம்பர்தான் ஜாதகம். 2600 என்றால் இரண்டாவது ஜெனரேஷன், 12100 என்றால் பன்னிரண்டாவது. 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் இந்த ஐ7-2600-க்கும் ஒரே நாலு கோர்தான் (வேலை செய்யும் மூளைகள்), எட்டு த்ரெட்தான் (ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலை வரிசைகள்). ஆனால் வேகத்தில் அந்த "சின்ன" ஐ3 இந்த "பெரிய" ஐ7-ஐ இரண்டு மடங்குக்கு மேல் தாண்டும். மின்சாரமும் குறைவாகவே எடுக்கும்.

மதர்போர்டில் இருந்தது எச்61 சிப்செட், அதாவது பிராசசரையும் மற்ற பாகங்களையும் இணைக்கிற சிப். 2011-ஐச் சேர்ந்த அதை, யாரும் கேள்விப்படாத பெயர்களில் இன்றைக்கும் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். அதில் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா வழியின் வேகம் நொடிக்கு 3 கிகாபிட் மட்டும், இன்றைய சாட்டா எஸ்எஸ்டிகள் 6 கிகாபிட்டுக்குச் செய்தவை. ராம் டிடிஆர்3, இன்றைய டிடிஆர்4, டிடிஆர்5-க்கு முந்தைய பழைய வகை. 2025 கடைசியிலிருந்து டிடிஆர்4, டிடிஆர்5 விலை ஏறிக் கிடப்பதால் இந்தப் பழைய வகை செட்டுகளைத் தள்ளிவிடக் கடைகளுக்கு நல்ல சாக்கு கிடைத்திருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு ஜிடி 610, 2012 மாடல். 2 ஜிபி என்பது வெறும் மெமரி அளவு, அதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. மேலே சொன்ன ஐ3-க்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் இதைவிட நன்றாக ஓடும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது ஹார்டு டிஸ்க்கைப் பார்த்தபோதுதான். கடைக்காரர் தன் வாரண்டி ஸ்டிக்கரை லேபிளில் ஓர் ஓரமாக ஒட்டியிருந்தார். மெக்கானிக் அதை நகத்தால் சுரண்டி எடுத்தார். சரியாக அதன் அடியில் தயாரிப்புத் தேதி: 2019. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், 31,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. இரவு பகலாக மூன்றரை வருஷம். "கேமரா டிவிஆர்ல இருந்து கழட்டுனதுண்ணே, இப்படித்தான் நிறைய வருது" என்றார் மெக்கானிக். கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைச் சேமிக்கிற பெட்டிதான் டிவிஆர். பிள்ளையின் பிராஜெக்ட்டெல்லாம் அதில்தான் இருந்தது.

விண்டோஸ் 11-ஐயும் திருட்டுத்தனமாகத்தான் ஏற்றியிருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் இன்டெல்லில் எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழே பொதுவாக அதற்கு ஆதரவு தருவதில்லை. பிராசசர் தகுதியைப் பார்க்கும் சோதனையைத் தாண்டி ஏற்றி, லைசென்ஸ் இல்லாமல் ஓடவைக்கும் கிராக் போட்டு, கிராக்கைப் பிடித்துவிடும் என்பதால் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரையும் அணைத்து வைத்திருந்தார்கள். அந்த சிஸ்டத்தில்தான் பையன் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு வங்கி விவரமெல்லாம் தட்டியிருக்கிறான்.

கடைக்குப் போய்க் கேட்டோம். "நீங்க ஐ7 கேட்டீங்க, ஐ7 குடுத்திருக்கேன்ல? என்னண்ணே, 24,500-க்கு வேற என்ன எதிர்பார்க்கிறீங்க?" சரி, புதுசு என்று ஏன் போட்டீர்கள் என்றால், "அசெம்பிள் பண்ணது புதுசுதானேண்ணே." பேச்சு முற்றியதும் டிஸ்க்கை மட்டும் மாற்றித் தந்தார். பணத்தைத் திருப்பித் தரமுடியாது, வேண்டுமானால் மொத்த செட்டையும் 9,000 ரூபாய்க்குத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் சரக்குக்கு அவரே போட்ட மதிப்பு அவ்வளவுதான்.

இதனால் அசெம்பிள் செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சின்ன பட்ஜெட்டிலும் நல்ல அசெம்பிள்டு சிஸ்டம் அமையும். ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி, மாடல் நம்பர், விலை எல்லாம் தனித்தனியாக எழுதிய கொட்டேஷனை முதலில் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். "ஐ7 சிஸ்டம் 1" என்று ஒரே வரியில் வந்தால் அந்தக் கடை வேண்டாம். பிராசசர் டப்பாவோடு வர வேண்டும், அப்போதுதான் இன்டெல்லின் மூன்று வருட வாரண்டி நேரடியாக உங்களுக்குக் கிடைக்கும். டப்பா இல்லாமல் வரும் ட்ரே பிராசசருக்கு அது கிடையாது. காலி டப்பாக்களையும் கேட்டு வாங்குங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும். எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். எங்களுக்கு வந்ததில் 450 வாட்ஸ் என்று எழுதியிருந்தது, கையில் எடுத்தால் கனமே இல்லை.

புதிய பாகங்களுக்குப் பணம் போதாதென்றால், "பழசு" என்றே சொல்லி விற்கிற ரீஃபர்பிஷ்டு (சரிசெய்து மறுபடி விற்கும்) ஆபீஸ் டெஸ்க்டாப் இருக்கிறது. எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழே போகாதீர்கள். ஐ5-8500 போன்ற ஆறு கோர் பிராசசர் படிக்கிற பிள்ளைக்குத் தாராளமாகப் போதும். ஒரு சிக்கல், பெரிய கம்பெனிகளின் ஆபீஸ் மாடல்களில் எஸ்எம்பிஎஸ், போர்டு எல்லாம் அவர்களுக்கே உரிய கனெக்டர்களோடு வரும். பிற்பாடு பெரிய கிராபிக்ஸ் கார்டு போடும் ஆசை இருந்தால் ஒத்துவராது. என் அபிப்பிராயம், 25,000-க்குள் என்றால் இதுதான் சரியான வழி. கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசசர் நம்பரையும், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிஸ்க் ஓடிய மணி நேரத்தையும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

எங்களுக்கு ஜிஎஸ்டி பில் தரவில்லை. கேட்டதற்கு, "18 சதவீதம், நாலாயிரத்துச் சொச்சம் கூடும்ணே" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டைத்தான் நீட்டினார்கள். ஆனால் பணம் முழுக்க ஜிபேயில் போனது, "அனைத்தும் புதியது" என்ற விளம்பரமும் அவர்கள் நம்பரிலிருந்தே வந்து போனில் கிடக்கிறது. இரண்டையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இதே விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவர்கள் இருந்தால் அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள்.