காது மெஷினும் என் பழைய விசிலும்

31 வருஷம் மதுரை–தேனி ரூட்டில் கண்டக்டர். காது மந்தமாகிவிட்டது என்று வீட்டில் சொன்னபோதெல்லாம், "நீங்கதான் முணுமுணுக்கிறீங்க" என்று சண்டை போட்டேன். போன ஆடி மாசம் பேரன் "தாத்தா, சாவி எங்க?" என்று கேட்டது என் காதில் "ஆவி எங்க?" என்று விழுந்தது. "ராத்திரிதான்டா வரும்" என்றேன். அதற்கப்புறம்தான் மெஷின் வாங்கச் சம்மதித்தேன்.

முதலில் ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ஒன்று. எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கிக் கொடுத்தது. குக்கர் விசில் உச்சந்தலையில் இறங்கியது, பேச்சு மட்டும் பழைய குழப்பம்தான். மூன்றாம் நாள் அலமாரிக்குள் போட்டுவிட்டேன்.

அடுத்து டவுனில் ஒரு கடை. அரைகுறையாக டெஸ்ட் எடுத்து, காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷினை 26,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். காதுக்குள் போகிற முனையில் ரெடிமேட் ரப்பர் குமிழ். இட்லியை மென்றால்கூட 'கூ' என்று கத்தியது. ஓய்வு பெற்று 13 வருஷம் கழித்து எனக்கே விசில் அடிக்கிறார்கள்! திரும்பப் போய்க் கேட்டால், "பழகிடும் சார்". அந்தக் கடைக்கு நான் ஒரு ஸ்டார்கூடத் தர மாட்டேன்.

காளவாசல் பக்கம் மாடியில் ஒரு ஆடியாலஜிஸ்ட் (காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிற நிபுணர்) இருக்கிறார், சின்ன வயசுப் பெண். அதே மெஷினோடு போனேன். காதைப் பார்த்ததுமே, "குறும்பி அடைச்சிருக்குங்க ஐயா, எடுத்துட்டு வாங்க" என்று இ.என்.டி. டாக்டரிடம் அனுப்பினார். மறுநாள் சத்தம் புகாத அறையில் முக்கால் மணி நேரம் டெஸ்ட். கிராஃபில் கோடு சுமாராக வந்துகொண்டே இருந்து, 4,000 ஹெர்ட்ஸ் கிட்டே, அதாவது கீச்சென்ற ஒலிகள் இருக்கிற இடத்தில், ஆண்டிப்பட்டிக் கணவாயில் வண்டி இறங்குவது போல இறங்கியது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் அடி விழுவது அங்கேதானாம். வயசும் சேர்ந்துகொண்டதில் 'ச', 'ஸ' மாதிரி சன்னமான ஒலிகள் போய்விட்டன. சாவி ஆவியான கதை அதுதான்.

காதுக்குள் பசை வைத்து அச்சு எடுத்து, என் காதுக்கென்றே ஒரு மோல்டு செய்து கொடுத்தார். 1,500 ரூபாய். விசில் அன்றோடு நின்றது. மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்து, எனக்குக் கேட்காத ஒலிகளை மட்டும் கூட்டினார். இதற்கே மூன்று தடவை போய் வந்தேன், அவர் அலுத்துக்கொள்ளவில்லை. இவருக்கு ஐந்து ஸ்டார்.

மெஷினுக்குப் போடுவது 13ஆம் நம்பர் செல், ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியது. காற்றுப் பட்டால்தான் அது உயிர் பெறும். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும். கடைக்காரர் இதைக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பத்து நாள் வருகிறது. ராத்திரி மெஷினைக் கழற்றி, ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன்.

கல்யாண மண்டபத்தில் மட்டும் பிரயோஜனம் இல்லை. தவில் ஆரம்பித்ததும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் திணறல்தான்.

காசுக்கு வழியில்லாதவர்களுக்கு ஒரு விஷயம்: வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிற 60 வயது கடந்தவர்களுக்கு, மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் 2017 முதல் காது மெஷினை இலவசமாகவே தருகிறார்கள். முகாம் எப்போது என்று விசாரியுங்கள்.

மோல்டில் இருக்கிற டியூப் கொஞ்ச நாளில் மஞ்சளாகி விறைத்துவிடும், மாற்ற வேண்டும். என்னுடையது இப்போதே விறைக்க ஆரம்பித்துவிட்டது. தைப் பொங்கலுக்கு முன்னால் ஒரு நடை காளவாசல் போக வேண்டும்.